மூன்றும் நான்கும் எப்போது ஐந்து? வரைபடத்தில் வெக்டர் கூட்டல்

மேசைமேல் ஒரு சிறு வளையம் கிடக்கிறது. அதில் இரண்டு நூல்கள் கட்டியிருக்கின்றன. ஒரு நூலை 3 நியூட்டன் விசையுடன் இழுக்கிறோம், மற்றதை 4 நியூட்டனுடன். வளையத்தை இழுக்கும் மொத்த விசை எவ்வளவு?

சட்டென்று "ஏழு" என்பவர்கள் உண்டு. பிதாகரஸ் தேற்றம் நினைவில் இருப்பவர்கள் "ஐந்து" என்பார்கள். இரண்டும் சரியாக இருக்கலாம், இரண்டும் தப்பாகவும் இருக்கலாம். நூல்கள் எந்தப் பக்கம் இழுக்கின்றன என்று சொல்லாதவரை இந்தக் கேள்விக்கு விடையே கிடையாது. இரண்டும் ஒரே திசையில் இழுத்தால் 7. நேரெதிராக இழுத்தால் 1. செங்கோணத்தில் இழுத்தால் 5. நூல்களுக்கு இடையே 60° இருந்தால் ஏறத்தாழ 6.1, அதுவே 120° ஆனால் 3.6. ஆக, 1 முதல் 7 வரை எந்த எண்ணும் விடையாக வரலாம்.

இந்த விடைகளைச் சூத்திரம் இல்லாமல் பென்சில், அளவுகோல், பாகைமானி கொண்டே கண்டுபிடிக்கலாம். பலர் இதை "சூத்திரம் வருவதற்கு முன் போடும் படம்" என்று நினைத்து வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். பிறகு சைன், கொசைன் போட்டு வந்த விடை எதிர்ப்பக்கம் காட்டும்போது எங்கே பிசகியது என்று தெரியாமல் விழிக்கிறார்கள். படம் பழகியவருக்கு அந்தத் தடுமாற்றம் குறைவு.

அம்பு எதைக் குறிக்கிறது

நிறை, நேரம், வெப்பநிலை போன்றவற்றைச் சொல்ல ஓர் எண்ணும் அலகும் போதும். இவை ஸ்கேலர்கள். இடப்பெயர்ச்சி, திசைவேகம், விசை போன்றவற்றுக்கு எண்ணோடு திசையும் வேண்டும். இவை வெக்டர்கள். தமிழில் திசையன் என்றும், இலங்கைப் பாடநூல்களில் காவி என்றும் எழுதுவார்கள். காவுதல் என்றால் சுமந்து செல்லுதல். 'வெக்டர்' என்ற லத்தீன் சொல்லுக்கும் சுமந்து செல்வது என்றே பொருள் என்பதால், இருப்பதில் மூலத்துக்கு நெருக்கமான பெயர் காவிதான்.

தாளில் வெக்டரை அம்பாக வரைகிறோம். அம்பின் நீளம் அளவைக் காட்டும். இந்த அளவுக்கு எண்மதிப்பு என்று பெயர். அம்பு பார்க்கும் பக்கம் திசை. தொடங்கும் முனை வால், கூர்முனை தலை.

நீளம் என்பது இங்கே ஒரு குறியீடு மட்டுமே. 1 செ.மீ. என்பது 2 நியூட்டன் என்று வைத்துக்கொண்டால் 10 நியூட்டன் விசைக்கு 5 செ.மீ. அம்பு. இந்த ஒப்பந்தத்துக்கு அளவுத்திட்டம் என்று பெயர். அளவுத்திட்டம் நீளத்தை மட்டும்தான் சுருக்கும், கோணத்தைத் தொடாது. நிஜத்தில் 60° என்றால் தாளிலும் 60°தான்.

அம்பு ஓரிடத்தில் ஆணி அடித்து வைத்தது இல்லை. நீளமும் திசையும் மாறாமல் தாளில் எங்கே நகர்த்தினாலும் அது அதே வெக்டர். மேலே, கீழே, பக்கவாட்டில் தள்ளலாம், சுழற்றக் கூடாது. கூட்டல் முறை முழுவதும் இந்த ஓர் அனுமதியில்தான் நடக்கிறது.

அளவும் திசையும் இருந்தால் போதுமா?

"அளவும் திசையும் இருந்தால் அது வெக்டர்" என்று ஒரே வரியில் மனப்பாடம் செய்திருப்போம். அந்த வரி அரைகுறையானது. கம்பியில் ஓடும் மின்னோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்பியரில் அளவு உண்டு, எந்தப் பக்கம் ஓடுகிறது என்ற திசையும் உண்டு. ஆனாலும் அது வெக்டர் இல்லை. மூன்று கம்பிகள் கூடும் ஒரு சந்திக்கு ஒன்றில் 3 ஆம்பியரும் இன்னொன்றில் 4 ஆம்பியரும் வந்து சேர்ந்தால் மூன்றாவதில் வெளியேறுவது 7 ஆம்பியர். கம்பிகளைச் செங்கோணமாக மடக்கினாலும், 20° ஆக நெருக்கினாலும் அதே 7. கோணம் அங்கே கணக்கிலேயே வரவில்லை.

வளையத்தை இழுத்த நூல்களில் கோணம்தான் விடையை முடிவு செய்தது. அளவும் திசையும் இருப்பதோடு, அம்புகளைப் போலக் கூடவும் வேண்டும். அப்போதுதான் அது வெக்டர். எனவே கூட்டும் விதியை வெக்டருக்குப் பின்னால் வரும் ஒரு பயிற்சிக் கணக்காகப் பார்க்காதீர்கள். வெக்டருக்கான இலக்கணத்தின் மறுபாதியே அதுதான்.

நடந்து பார்த்தால்

கிழக்கே 40 மீ. நடக்கிறீர்கள், பிறகு வடக்கே 30 மீ. கால்கள் நடந்தது 70 மீ. ஆனால் புறப்பட்ட இடத்திலிருந்து நீங்கள் நிற்கும் இடத்துக்கு ஒரு கயிற்றை நேராக இழுத்துக் கட்டினால் 50 மீ. கயிறு போதும். அது கிழக்கிலிருந்து வடக்கு நோக்கி ஏறத்தாழ 37° சாய்ந்திருக்கும். 70 என்பது கடந்த தொலைவு. அது ஸ்கேலர். 50 மீட்டரும் அந்தச் சாய்வும் சேர்ந்தது இடப்பெயர்ச்சி, அதாவது வெக்டர்.

தாளில் செய்வதும் இதேதான். முதல் அம்பை வரைகிறோம். அது முடிந்த இடத்தில், அதன் தலையில், இரண்டாம் அம்பின் வாலை வைக்கிறோம். முதல் அம்பின் வாலிலிருந்து கடைசி அம்பின் தலைக்கு ஒரு புதிய அம்பு. இரண்டும் சேர்ந்து செய்த வேலையைத் தனியாகச் செய்துவிடக்கூடிய இந்த ஒற்றை அம்புக்குத் தொகுபயன் என்று பெயர். முறைக்குப் பெயர் தலை-வால் முறை. இரண்டு அம்புகள் என்றால் படம் முக்கோணமாக வரும் என்பதால் முக்கோண விதி என்றும் சொல்வார்கள்.

நடையில் இது புரிந்துவிடும். ஒன்றை முடித்துவிட்டுத்தான் அடுத்தது. ஆனால் ஆற்றில் படகும் நீரோட்டமும் ஒரே நேரத்தில் அல்லவா வேலை செய்கின்றன? அங்கே எப்படி "ஒன்றன்பின் ஒன்றாக" வரைய முடியும்? இந்தச் சந்தேகம் வராமல் முறையை ஏற்றுக்கொள்பவர்கள்தான் பிற்பாடு குழம்புகிறார்கள்.

மேசைமேல் ஒரு தாள், தாளின் மேல் ஓர் எறும்பு. எறும்பு தாளின் நீளவாக்கில் 4 செ.மீ. முன்னே நடந்து நின்றபின், தாளை 3 செ.மீ. வலப்பக்கம் இழுக்கிறோம். எறும்பு மேசையின் ஒரு குறிப்பிட்ட புள்ளிக்கு மேலே நிற்கும். இப்போது மாற்றிச் செய்யலாம். முதலில் தாளை இழுத்துவிட்டு, பிறகு எறும்பை நடக்கவிட்டால் அதே புள்ளி. எறும்பு நடக்க நடக்கவே தாளை இழுத்தால்? அப்போதும் அதே புள்ளி. எறும்பின் நடையும் தாளின் நகர்வும் ஒன்றையொன்று மாற்றுவதில்லை. அதனால் வரிசையாக நடந்தாலும் சேர்ந்து நடந்தாலும் முடிவிடம் ஒன்றே. இரண்டும் சீரான வேகத்தில் நடந்தால் எறும்பு மேசையைப் பொறுத்து 5 செ.மீ. நீளமுள்ள நேர்கோட்டில் சாய்வாகப் போயிருக்கும். திசைவேகம் என்பது ஒரு நொடியில் நடக்கும் இடப்பெயர்ச்சி. ஆகவே அதுவும் இப்படியே கூடுகிறது.

இதுவரை பார்த்தது: வெக்டரை அம்பாக வரைகிறோம், சுழற்றாமல் நகர்த்தலாம், ஒன்றின் தலையில் அடுத்ததன் வால், முதல் வாலிலிருந்து கடைசித் தலைக்குத் தொகுபயன். எதை முதலில் வரைந்தாலும் விடை மாறாது.

தாளில் வரைவது

கூரான பென்சில், மில்லிமீட்டர் கோடுள்ள அளவுகோல், பாகைமானி, இணைகோடு இழுக்க இரண்டு மூலைமட்டங்கள். மொட்டைப் பென்சிலால் வரையும் கோடே 1 மி.மீ. தடிமன் வந்துவிடும், அதை வைத்து நுட்பமாக அளக்க முடியாது.

ஒரு கணக்கு. ஒருவர் கிழக்கே 60 மீ. நடக்கிறார். அடுத்து, கிழக்கிலிருந்து வடக்கு நோக்கி 60° திரும்பிய திசையில் 50 மீ. கடைசியாக, கிழக்கிலிருந்து வடக்கு வழியாக 150° திரும்பிய திசையில் 40 மீ. அவர் புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில், எந்தத் திசையில் நிற்கிறார்?

முதலில் கைபோன போக்கில் ஒரு சிறு படம் போடுங்கள், அளவெல்லாம் வேண்டாம். வலப்பக்கம் போய், மேலேறி, பிறகு இடப்பக்கம் சாய்ந்து ஏறுகிறது. விடை வலது மேல்பக்கம் எங்கோ இருக்கும் என்று தெரிகிறது. தாளின் இடது கீழ் மூலையில் தொடங்க வேண்டும் என்பதும் தெரிகிறது. இந்த அரை நிமிட வேலையைத் தவிர்த்தவர்களின் அம்பு தாளைவிட்டு வெளியே ஓடுவது வழக்கமான காட்சி.

அடுத்து அளவுத்திட்டம். 1 செ.மீ. = 20 மீ. என்று எடுத்தால் அம்புகள் 3, 2.5, 2 செ.மீ. மட்டுமே, அளப்பதில் 1 மி.மீ. பிசகினால் விடையில் 2 மீ. போய்விடும். 1 செ.மீ. = 5 மீ. என்றால் 12, 10, 8 செ.மீ. படம் அகலத்தில் சுமார் 17 செ.மீ., உயரத்தில் 13 செ.மீ. வரும். 21 செ.மீ. அகலமுள்ள ஏ4 தாளில் இது அடங்கும், 1 மி.மீ. பிசகும் அரை மீட்டர்தான். தாள் இடம் கொடுக்கும்வரை பெரிதாக வரைவது நல்லது. 1 செ.மீ. = 7 மீ. போன்ற வம்பு வேண்டாம்; ஒவ்வொரு நீளத்துக்கும் வகுத்தல் போட்டுக்கொண்டிருக்க நேரும்.

தொடக்கப் புள்ளியை வைத்து, கிழக்கே 12 செ.மீ. கோடு. அதன் தலையில் மெல்லிய கோட்டால் கிழக்குத் திசையை மறுபடி வரையுங்கள். முதல் அம்பு கிழக்கே போவதால் இங்கே அதையே நீட்டினால் போதும். பாகைமானியின் மையத்தைத் தலைமேலும், அடிக்கோட்டைக் கிழக்குக் கோட்டின் மேலும் வைத்து 60° குறித்து, 10 செ.மீ. இழுங்கள். இந்த இரண்டாம் அம்பின் தலையில் மறுபடியும் ஒரு கிழக்குக் கோடு வேண்டும். மூலைமட்டத்தை நகர்த்தி, முதல் கோட்டுக்கு இணையாக அதைப் போட்டுக்கொண்டு, அங்கிருந்து 150° குறித்து 8 செ.மீ. வரையுங்கள். தொடக்கப் புள்ளியிலிருந்து இந்தக் கடைசித் தலைக்கு ஒரு கோடு போட்டு அளந்தால் ஏறத்தாழ 16.2 செ.மீ. வரும். 5 ஆல் பெருக்கினால் 81 மீ. தொடக்கப் புள்ளியில் பாகைமானி வைத்தால் 51 அல்லது 52°.

விடையை "81 மீ." என்று மட்டும் எழுதினால் பாதி விடைதான். "81 மீ., கிழக்கிலிருந்து வடக்கு நோக்கி 51.5°" என்று, கோணத்தை எங்கிருந்து அளந்தோம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். "வடகிழக்கில்" என்று விட்டுவிட்டால் அது சரியாக 45° என்று பொருள்படும்.

அந்த இரண்டாம் கிழக்குக் கோட்டைப் போடச் சோம்பல்படுபவர்கள் பாகைமானியின் அடிக்கோட்டை இரண்டாம் அம்பின் மேலேயே சாய்த்து வைத்து 150° குறிப்பார்கள். அப்போது மூன்றாம் அம்பு உண்மையில் 60 + 150, அதாவது 210° திசையில் போய்க் கீழே இறங்கிவிடும். விடை 55 மீட்டராகவும் கோணம் 25° ஆகவும் வரும். 81 எங்கே, 55 எங்கே! படம் பார்க்க அழகாகவே இருக்கும், தப்பு கண்ணில் படாது. முதலில் போட்ட கைப்படத்தோடு ஒப்பிட்டால்தான் மாட்டும்.

இன்னொரு வழக்கமான பிழை, பாகைமானியின் இரட்டை எண்வரிசை. உள்வரிசையில் 30 இருக்கும் இடத்தில் வெளிவரிசையில் 150 இருக்கும். குறித்தபின் ஒரு பார்வை போதும்: 90° ஐவிடப் பெரிய கோணம் விரிந்து தெரிய வேண்டும்.

சரிபார்க்க ஆசையிருந்தால் மூன்றாம் அம்பை முதலில், முதல் அம்பை அடுத்து, இரண்டாவதைக் கடைசியில் வரைந்து பாருங்கள். வழி முழுக்க மாறும், கடைசிப் புள்ளி மாறாது.

இணைகரமும் அந்த இரண்டு மூலைவிட்டங்களும்

விசைக் கணக்குகளில் அம்புகள் பெரும்பாலும் ஒரே புள்ளியிலிருந்து கிளம்புவதாகக் காட்டியிருக்கும். அப்போது இரண்டு வால்களையும் ஒன்றாக வைத்து, எதிரெதிர்ப் பக்கங்கள் இணையாக இருக்கும் நாற்கரமாக, அதாவது இணைகரமாக நிரப்புகிறோம். வால்கள் சேரும் மூலையிலிருந்து எதிர் மூலைக்குப் போகும் மூலைவிட்டமே தொகுபயன். இது புது விதி ஒன்றும் இல்லை. இணைகரத்தின் எதிர்ப்பக்கம், இரண்டாம் அம்பை நகர்த்தி முதல் அம்பின் தலையில் வைத்ததுதான். நியூட்டன் 1687-இல் வெளியிட்ட பிரின்சிப்பியா என்ற நூலில், இயக்க விதிகளைச் சொன்ன கையோடு வரும் முதல் கிளைத்தேற்றமே இந்த இணைகரம்தான்.

தொடக்கத்தில் பார்த்த 3, 4 நியூட்டன் விசைகளுக்கு இடையே 60° என்று வைப்போம். சரியான விடை 6.1. ஆனால் பலருக்கு 3.6 வரும், அதுவும் இரண்டு வேறு வழிகளில்.

முதல் வழி: தலை-வால் முறையில் வரையும்போது, முக்கோணத்தின் உள்ளே 60° வரும்படி வரைந்துவிடுவது. இரண்டு வெக்டர்களுக்கு இடைப்பட்ட கோணம் என்பது வால்களைச் சேர்த்து வைத்து அளப்பது. தலையில் வாலை வைத்தபின் முக்கோணத்தின் உள்ளே தெரிவது 180 − 60, அதாவது 120°. முதல் அம்பை அதன் தலைக்கு அப்பால் புள்ளிக்கோடாக நீட்டி, அந்த நீட்டிப்பிலிருந்து 60° அளந்தால் இந்தச் சிக்கலே வராது.

இரண்டாம் வழி: இணைகரத்தைச் சரியாக வரைந்துவிட்டு, ஒரு தலையிலிருந்து மற்றத் தலைக்குப் போகும் தவறான மூலைவிட்டத்தை அளப்பது.

இரண்டிலும் 3.6 வருவது தற்செயல் இல்லை. இரண்டும் ஒரே தப்பின் இரண்டு முகங்கள். தலையிலிருந்து தலைக்குப் போகும் கோடு காட்டுவது இரண்டு வெக்டர்களின் கூட்டலை அல்ல, கழித்தலை.

கழித்தல் எங்கே தேவைப்படுகிறது

ஒரு வெக்டரைக் கழிப்பது என்றால் அதைத் தலைகீழாகத் திருப்பிக் கூட்டுவது. நீளம் மாறாது, திசை மட்டும் 180° திரும்பும்.

ஒரு கார் கிழக்கே நொடிக்கு 20 மீ. வேகத்தில் போகிறது. வளைவில் திரும்பி, அதே 20 மீ. வேகத்தில் வடக்கே போகிறது. திசைவேகம் எவ்வளவு மாறியது? வேகமானி முள் அசையவே இல்லை என்பதால் "சுழி" என்று சொல்லத் தோன்றும். இறுதி அம்பை வடக்கே வரைந்து, அதன் தலையில் தொடக்க அம்பைத் திருப்பி, அதாவது மேற்கே, வையுங்கள். தொகுபயன் வடமேற்கே, நொடிக்கு 28 மீட்டருக்குச் சற்று மேல். மாற்றம் காரின் வேகத்தைவிடவே பெரிது! இந்த மாற்றத்தை உண்டாக்கத்தான் டயர்களுக்கும் சாலைக்கும் இடையே உராய்வு வேண்டியிருக்கிறது. சாலை வழுக்கினால் கார் திரும்ப மறுப்பது இதனால்தான்.

படகும் நீரோட்டமும்

அசையாத நீரில் நொடிக்கு 4 மீ. போகும் படகு. ஆற்றின் அகலம் 80 மீ., நீரோட்டம் நொடிக்கு 3 மீ. படகின் முகத்தை நேர் எதிர்க்கரைக்கு வைத்து ஓட்டினால், 4-க்கும் 3-க்கும் தொகுபயன் நொடிக்கு 5 மீ., நேர்த்திசையிலிருந்து ஏறத்தாழ 37° கீழ்நோக்கிச் சாய்ந்து. படகு கரை சேர 20 நொடி. அதற்குள் ஆறு அதை 60 மீ. கீழே கொண்டுபோயிருக்கும். ஆறு வேகமாக ஓடினால் கடக்கும் நேரம் கூடும் என்று பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. இப்படி முகம் வைத்து ஓட்டினால் நேரம் கூடுவதில்லை. நீரோட்டத்துக்கு எதிர்க்கரையை நோக்கிய பங்கே இல்லை. அது 3 ஆனாலும் 6 ஆனாலும் அதே 20 நொடிதான். இறங்கும் இடம்தான் மாறும்.

நேர் எதிரே உள்ள இடத்திலேயே இறங்க வேண்டும் என்றால் கணக்கு தலைகீழாகிறது. தொகுபயனின் திசை தெரியும், நீளம் தெரியாது. படகின் வேகம் தெரியும், முகம் வைக்க வேண்டிய திசை தெரியாது. இங்கே கவராயம் கைகொடுக்கும். 2 செ.மீ. = நொடிக்கு 1 மீ. என்று எடுத்துக்கொண்டு, தொடக்கப் புள்ளியிலிருந்து எதிர்க்கரை நோக்கி ஒரு நீண்ட மெல்லிய கோடு போடுங்கள். அதே புள்ளியிலிருந்து நீரோட்டத் திசையில் 6 செ.மீ. அம்பு. அதன் தலையில் கவராய முள்ளை ஊன்றி, 8 செ.மீ. ஆரத்தில் ஒரு வில் வரைந்தால் அது மெல்லிய கோட்டை ஓரிடத்தில் வெட்டும். முள் ஊன்றிய புள்ளியிலிருந்து வெட்டுப்புள்ளிக்குப் போகும் அம்பு, படகு முகம் வைக்க வேண்டிய திசை. அது நேர்த்திசையிலிருந்து மேல்நீர்ப் பக்கம் 48° அல்லது 49°. வெட்டுப்புள்ளி தொடக்கத்திலிருந்து 5.3 செ.மீ. தூரத்தில் இருக்கும், ஆக உண்மையில் கடக்கும் வேகம் நொடிக்கு 2.65 மீ., நேரம் சுமார் 30 நொடி.

நீரோட்டத்தை நொடிக்கு 5 மீ. ஆக்கினால்? அம்பு 10 செ.மீ., வில்லின் ஆரம் அதே 8. வில் கோட்டைத் தொடவே தொடாது. எவ்வளவு சாமர்த்தியமாக ஓட்டினாலும் அந்தப் படகால் நேர் எதிரே கரையேற முடியாது என்பதைப் படம் கண்ணுக்கு நேராகக் காட்டிவிடுகிறது.

சுருக்கமாக: கழித்தல் என்பது திருப்பிப்போட்டுக் கூட்டுவது. முக்கோணத்தின் எந்தப் பக்கம் தெரியாவிட்டாலும், மற்ற விவரங்களை வைத்து அளவுகோலாலோ கவராயத்தாலோ அதை மூடிவிடலாம்.

விசைகள், மூடும் பலகோணம்

விசைகளும் இப்படித்தான் கூடுகின்றன என்பதைச் சோதனையில் பார்க்கலாம். நிமிர்த்தி வைத்த பலகையில் இரண்டு கப்பிகள். அவற்றின் மேல் போகும் நூலின் ஒரு முனையில் 150 கிராம், மறுமுனையில் 200 கிராம். நடுவில் ஒரு முடிச்சிட்டு அதிலிருந்து 250 கிராம் தொங்கவிட்டால், முடிச்சு ஓரிடத்தில் போய் நிற்கும். அங்கே 150, 200 கிராம் நூல்களுக்கு இடையே செங்கோணம் இருக்கும்: 3, 4, 5. பின்னால் தாளை வைத்து ஒவ்வொரு நூலின் நிழலிலும் இரண்டு புள்ளிகளைத் தள்ளித் தள்ளிக் குறிக்க வேண்டும். நெருக்கமாகக் குறித்தால் கோட்டின் திசை பிசகும். கப்பியில் உராய்வு இருந்தால் முடிச்சு விட்ட இடத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். பலகையை விரலால் மெல்லத் தட்டினால் சரியான இடத்துக்கு நகரும்.

முடிச்சு அசையாமல் நிற்கிறது என்றால் அதன் மேல் உள்ள மூன்று விசைகளின் தொகுபயன் சுழி. தலை-வாலாக வரைந்தால் மூன்றாம் அம்பின் தலை முதல் அம்பின் வாலிலேயே வந்து முட்டும். முக்கோணம் மூடிக்கொள்ளும். நான்கு, ஐந்து விசைகள் என்றால் மூடிய பலகோணம். 19-ஆம் நூற்றாண்டுப் பொறியாளர்கள் பாலங்களையும் கூரைச்சட்டங்களையும் இப்படி வரைபலகையில் பலகோணம் மூடியே கணக்கிட்டார்கள். அவர்களில் ஒருவரான கார்ல் குல்மான் 1866-இல் இந்த முறைக்கென்றே ஒரு நூல் எழுதினார். அவரிடம் படித்த மோரிஸ் கோக்லான் பின்னாளில் ஈபிள் கோபுரத்தின் வடிவமைப்பில் பங்கெடுத்தார்.

மூடும் முக்கோணத்தால் உடனே புரிகிற ஒன்று, துணி காயப்போடும் கயிறு. நடுவில் 10 நியூட்டன் எடை தொங்குகிறது. கயிற்றின் இரு பாதிகளும் செங்குத்திலிருந்து 60° சாய்ந்திருந்தால் முக்கோணத்தின் மூன்று பக்கமும் சமம். ஒவ்வொரு பாதியிலும் இழுவிசை 10 நியூட்டன். கயிற்றை இன்னும் விறைப்பாக இழுத்துக் கட்டி 80° ஆக்கினால், எடை அம்பு அதே நீளத்தில் இருக்க, மற்ற இரண்டு பக்கங்களும் ஊசிபோல் நீண்டு ஏறத்தாழ 29 நியூட்டன் ஆகும். 90° ஆக்க முயன்றால் இரண்டு அம்புகளும் கிடைமட்டம். எவ்வளவு நீட்டினாலும் 10 நியூட்டன் செங்குத்து அம்போடு சேர்ந்து முக்கோணம் மூடாது. சுமை தொங்கும் கயிறு கொஞ்சமாவது தொய்ந்தே தீரும்.

ஓர் எச்சரிக்கை. அம்பை நகர்த்தலாம் என்பது மொத்த விசையைக் கண்டுபிடிக்க மட்டும். கதவைக் கீலுக்குப் பக்கத்தில் தள்ளுவதும் கைப்பிடியில் தள்ளுவதும் அம்பாக வரைந்தால் ஒன்றுதான், கதவுக்கு ஒன்றில்லை. விசை எந்தப் புள்ளியில் படுகிறது என்பது சுழற்சிக்கு முக்கியம். அது தனிக் கணக்கு.

படத்தை எவ்வளவு நம்பலாம்

அளவுகோலில் நாம் படிப்பது அரை மி.மீ. முன்னே பின்னே இருக்கும். 2 செ.மீ. அம்பில் அது 2.5 சதவீதம், 10 செ.மீ. அம்பில் அரை சதவீதம். கோணம் இதைவிடப் பொல்லாதது: 1° தவறினால் 10 செ.மீ. அம்பின் தலை 1.7 மி.மீ. விலகிவிடும். அம்பு நீளமாக நீளமாக நீளப் பிழையின் சதவீதம் குறையும். கோணப் பிழையின் சதவீதம் அப்படியே நிற்கும். எனவே பெரிதாக வரைவதோடு பாகைமானியையும் நிதானமாக வைக்க வேண்டும். கவனமாக வரைந்த படத்தில் ஓரிரு சதவீதத்துக்குள் விடை வந்தால் அது நல்ல படம். 80.89 மீ. என்றெல்லாம் எழுதினால் அந்தக் கடைசி இலக்கங்கள் படத்திலிருந்து வந்தவையாக இருக்க முடியாது.

தொகுபயன் சிறியதாக வரும் கணக்குகளில் கூடுதல் கவனம் வேண்டும். 10 செ.மீ. அம்புகள் மூன்றை வரைந்தபின் 5 மி.மீ. தொகுபயன் வருகிறது என்றால், அதில் 2 மி.மீ. உங்கள் பென்சிலுடையதாக இருக்கலாம். சமநிலையில் நிற்கும் முடிச்சுக்கு முக்கோணம் வரையும்போது கடைசித் தலைக்கும் முதல் வாலுக்கும் நடுவே 2 மி.மீ. இடைவெளி விழுந்தால், 1 செ.மீ. = 2 நியூட்டன் என்ற அளவுத்திட்டத்தில் அதை 0.4 நியூட்டன் தொகுபயன் என்று எழுதிவிடாதீர்கள். முடிச்சு நகரவில்லை. பாகைமானியை எடுத்து இரண்டாவது கோணத்தை மறுபடி அளந்து பாருங்கள்.